கல்லில் அழிந்த பெயர், விண்ணகத்தில் எழுதிய பெயர்

(புனிதர்கள் பேதுரு, பவுல் பெருவிழாவையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



ஜூன் 29ஆம் நாள் தாய்த் திருச்சபை புனிதர்கள் பேதுரு, பவுல் பெருவிழாவைக் கொண்டாடுகிறது. இந்த விழாவை நம் பங்குகளில் யாரும் மறப்பதில்லை. பேதுரு என்றும் பவுல் என்றும் பெயர் தாங்கிய தாத்தாக்களும் பேரன்களும் இல்லாத ஊர் நம்மிடையே எது? ஆனால் மறுநாள், ஜூன் 30ஆம் நாள், இன்னொரு நினைவு வருகிறது. உரோமைத் திருச்சபையின் முதல் மறைச்சாட்சியரின் நினைவு அது. அன்று யாருடைய பெயரைச் சொல்லிக் கொண்டாடுகிறோம்? யாருடைய பெயரையும் சொல்வதில்லை. அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது. பெயர் தெரிந்தவர்களுக்கு ஒரு நாள், பெயர் தெரியாதவர்களுக்கு அடுத்த நாள். இந்த இரண்டு நாள்களுக்கும் நடுவில் நின்று, இன்று பெயரைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு திருப்பயணக் குழுவாக உரோமை நகருக்குச் சென்றிருந்தோம். புனித பேதுரு பேராலயத்தையும், நகர மதிலுக்கு வெளியே உள்ள புனித பவுல் பேராலயத்தையும் தரிசித்தபின், ஒரு நாள் காலையில் ஒன்றரை மணி நேரம் மிச்சமாக இருந்தது. பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர்கள், பழைய உரோமையின் இடிபாடுகளைச் சுற்றிக்காட்ட ஒரு வழிகாட்டியை அமர்த்தியிருந்தார்கள். எங்களில் பலருக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. "இடிஞ்ச சுவரைப் பார்க்கவா சாமி இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம ஊர்லயே வேணும்கிற அளவு கிடக்கே" என்றார் குழுவில் மூத்தவரான ஓர் அம்மா. எல்லாரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனோம்.

ஃபோரம் என்று சொல்லப்படும் அந்த இடம் பழைய உரோமையின் நடுத்திடல். சந்தை, நீதிமன்றம், ஆட்சி மன்றம், கோவில்கள் எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில் நெருங்கி நின்ற இடம். வழிகாட்டியான பெண்மணி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நாங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே நடந்தோம். வீயா சாக்ரா, அதாவது புனித வீதி, என்று அதன் நடுவே செல்லும் பாதைக்குப் பெயர். பெரிய பெரிய கருங்கற்களைப் பாவிய பாதை. மேடும் பள்ளமுமாக இருக்கும் அந்தக் கற்களில் முழங்கால் வலிக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நிழல் குறைவு. ஆனால் வழியில் குழாயில் குளிர்ந்த குடிநீர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. கட்டணம் இல்லாத அந்தத் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்துக்கொண்டதுதான் எங்கள் குழுவின் முதல் மகிழ்ச்சி.

வழிகாட்டி எங்களை முதலில் தீத்து வளைவின் முன் நிறுத்தினார். திருத்தூதர் பவுலின் சீடரான தீத்து அல்ல இவர். கி.பி. 70இல் எருசலேமைத் தரைமட்டமாக்கிய படைத்தலைவர்; பின்பு பேரரசரானவர். கி.பி. 81இல் அவர் இறந்தபின் எழுப்பப்பட்ட வளைவு இது. அதன் உட்பக்கச் சுவரில், எருசலேம் கோவிலைக் கொள்ளையடித்து வந்த ஊர்வலத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். ஏழு கிளைகள் கொண்ட விளக்குத்தண்டை வீரர்கள் தோளில் சுமந்து வருகிறார்கள். எக்காளங்களும் திருமுன்னிலை அப்ப மேசையும் தெரிகின்றன. நம் ஆண்டவர் நடந்து போதித்த கோவில் அது. அதன் பொருள்கள் கொள்ளைப் பொருளாகக் கல்லில் நிற்கின்றன. உரோமையில் வாழ்ந்த யூதர்கள் அந்த வளைவின் அடியில் நடப்பதில்லை என்பது நெடுங்கால வழக்கம் என்று வழிகாட்டி சொன்னார். அதைக் கேட்டபின் எங்களில் சிலர் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வளைவின் நெற்றியில் தீத்துவின் பெயர் பெரிய எழுத்துகளில் இருக்கிறது. அவருக்குப்பின் ஆட்சிக்கு வந்த அவருடைய தம்பி தொமீசியன் கி.பி. 96இல் கொல்லப்பட்டபோது, அவர் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து அழித்துவிடும்படி ஆட்சி மன்றம் கட்டளையிட்டது. அண்ணன் பெயர் நின்றது. தம்பி பெயர் போனது. வளைவின் மறுபக்கத்தில் இன்னொரு பெயரும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வளைவைப் பழுதுபார்த்த திருத்தந்தை ஏழாம் பயஸ் அவர்களுடைய பெயர் அது. கல்லில் பெயர் பொறிக்கும் ஆசை பேரரசர்களோடு நின்றுவிடவில்லை என்று நாங்கள் எங்களுக்குள்ளே சொல்லிக்கொண்டோம்.

இன்னும் சற்றுத் தூரம் நடந்தால், வலப்பக்கத்தில் உயரமான தூண்களோடு ஒரு கோவில். பேரரசர் அந்தோனினுஸ் பியுஸ், இறந்துபோன தம் மனைவி பவுஸ்தீனாவுக்காகக் கி.பி. 141இல் கட்டத் தொடங்கியது. முதலில் அவள் பெயர் மட்டுமே நெற்றியில் இருந்தது. கி.பி. 161இல் அவரும் இறந்தபோது, அவர் பெயரை அவள் பெயருக்கு மேலே சேர்த்து எழுதினார்கள். பிற்காலத்தில் அந்தக் கோவில் புனித லாரன்ஸ் ஆலயமாயிற்று. அந்த ஆலயத்தின் வாசலைப் பார்த்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். வாசல் அந்தரத்தில், ஒரு வீட்டு மாடி உயரத்துக்கும் மேலே நிற்கிறது. படியில்லை, பாதையில்லை. அந்த வாசல் வைத்த காலத்தில் தரை அவ்வளவு உயரத்தில் இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணும் குப்பையும் சேர்ந்து ஃபோரம் முழுவதும் மூடிப்போயிருந்தது. மாடுகள் மேய்ந்ததால் மக்கள் அதை மாட்டு வெளி என்றே அழைத்தார்கள். உலகை ஆண்டவர்களின் பெயர்களுக்கு மேலே மாடுகள் புல் தின்றன. மண்ணைத் தோண்டி எடுத்தபின்தான் வாசல் மேலே தனியாக நின்றுவிட்டது.

இப்படி நடந்து நடந்து, ஃபோரத்தின் மேற்கு முனைக்கு வந்தோம். அங்கே நிற்பது செப்திமியுஸ் செவேருஸ் என்ற பேரரசரின் வெற்றி வளைவு. கி.பி. 203இல் கட்டியது. ஏறக்குறைய 21 மீட்டர் உயரம். மூன்று வாசல்கள். பார்த்தியர்களை வென்ற வெற்றியைக் கொண்டாட, செவேருசுக்கும் அவருடைய இரண்டு மகன்களுக்குமாக எழுப்பியது. மூத்தவன் கராகல்லா. இளையவன் கேத்தா.

வழிகாட்டி எங்களை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். "மேலே இருக்கும் எழுத்துகளில் நான்காவது வரியைப் பாருங்கள். மற்ற வரிகளுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். எங்களுக்கு இலத்தீன் எழுத்துகள் தெரிந்தன, வித்தியாசம் தெரியவில்லை. குழுவில் கொத்தனார் வேலை பார்க்கும் ஒருவர் இருந்தார். அவர் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சாமி, அந்த வரியில கல்லைக் கொத்தி எடுத்துட்டு மறுபடி எழுதியிருக்காங்க. கல்லு உள்வாங்கியிருக்கு. இந்த எழுத்துக்குத் தேவையில்லாத துளையும் கிடக்கு" என்றார். அதைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொன்னதும் வழிகாட்டி கைதட்டினார்.

கதை இதுதான். கி.பி. 211இல் செவேருஸ் இறந்தார். ஒற்றுமையாயிருங்கள் என்பது மகன்களுக்கு அவர் சொன்ன கடைசி அறிவுரைகளில் ஒன்று. இருவரும் சேர்ந்து ஆள வேண்டும் என்பது ஏற்பாடு. ஓராண்டுகூட ஆகவில்லை. அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் காசியுஸ் தியோ எழுதி வைத்திருக்கிறார்: அண்ணன் தம்பி ஒப்புரவாக வேண்டும் என்று சொல்லி, காவலர் இல்லாமல் இருவரையும் தன் அறைக்கு அழைக்கும்படி தாயைக் கராகல்லா இணங்கவைத்தான். தாயின் பெயர் யூலியா தோம்னா. தம்பி வந்தான். ஒளிந்திருந்த வீரர்கள் பாய்ந்தார்கள். கேத்தா ஓடித் தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். தாயின் மடியிலேயே அவனைக் குத்தினார்கள். தாயின் கையிலும் காயம். அவனுக்கு 22 வயது. அவள் அழக்கூடத் தடை.

அதன்பின் பேரரசு முழுவதும் கேத்தாவின் பெயரையும் உருவத்தையும் அழிக்கும் வேலை நடந்தது. இந்த வளைவிலும் வெண்கல எழுத்துகளைப் பிடுங்கி, கல்லைக் கொத்தி, அவன் பெயர் இருந்த இடத்தில் வேறு சொற்களை எழுதினார்கள். என்ன சொற்கள் தெரியுமா? மிக நல்லவர்களும் மிக வலிமையுள்ளவர்களுமான மன்னர்கள் என்று தகப்பனையும் மூத்த மகனையும் புகழும் சொற்கள். தம்பியைக் கொன்றவனின் நல்ல பெயர், தம்பியின் பெயரைச் சுரண்டிய இடத்திலேயே எழுதப்பட்டது.

ஆனால் பழைய எழுத்துகளைப் பொருத்தத் தோண்டிய துளைகள் மூடவில்லை. அவற்றை வைத்துத்தான் அறிஞர்கள் அந்தப் பெயரைத் திரும்ப வாசித்தார்கள். ஏறக்குறைய 1800 ஆண்டுகளாக அந்த வளைவு கேத்தாவின் பெயரை மறைக்கிறது. மறைத்த இடத்தையும் காட்டிக்கொடுக்கிறது. இன்னொன்றும் உண்டு. இன்று அந்த வளைவில் யாருடைய வெண்கல எழுத்தும் இல்லை. எல்லாம் எப்போதோ களவு போய்விட்டன. அண்ணன் பெயரும் இன்று வெறும் பள்ளமே. அவனும் கி.பி. 217இல் படைவீரன் ஒருவன் கையால் குத்துண்டு இறந்தான்.

அன்புக்குரியவர்களே, வளைவின் கீழே நின்றபோது எங்களுக்கு உரோமை மறந்துபோனது. நாங்கள் முன்பு பணியாற்றிய ஒரு பங்கு நினைவுக்கு வந்தது. ஊரும் ஆளும் அடையாளம் தெரியாதபடி அதைச் சொல்கிறோம்.

அந்தப் பங்கில் அண்ணன் தம்பி இருவர், இறந்த தகப்பனின் நினைவாக மாதா கெபி ஒன்றைக் கட்டிக்கொடுத்தார்கள். முகப்பில் பளிங்குக் கல். தகப்பன் பெயர், கீழே இரண்டு மகன்கள் பெயர். சில ஆண்டுகளில் நிலத் தகராறு வந்தது. பேச்சு நின்றது. ஒரு நாள் அண்ணன் வந்து, கல் வெடித்துவிட்டது, புதுக்கல் பதித்திருக்கிறோம், வந்து மந்திரித்துத் தாருங்கள் என்றார். பங்குத்தந்தையும் உதவித் தந்தையுமாக நாங்கள் போனோம். புதுக்கல்லில் தம்பி பெயர் இல்லை. எங்கள் கண்ணுக்கு அது தெரிந்தது. வாய் திறந்து கேட்கவில்லை. கெபியைப் பராமரிப்பவர் அவர்தானே, நாளை ஆலய வேலைக்கும் அவர் உதவி வேண்டுமே என்ற எண்ணம் உள்ளே இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? தீர்த்தம் தெளித்துவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தோம்.

அவர்களுடைய தாய் அன்று கூட்டத்தோடு நின்றார். கல்லுக்குப் பக்கத்தில் வரவில்லை. அடுத்த வாரம் ஆலய அலுவலகத்துக்கு வந்து, திருப்பலிக் கருத்து எழுதச் சொன்னார். இரண்டு மகன்களின் பெயரையும் சொல்லி, "ரெண்டு பேரையும் சேர்த்தே வாசிங்க சாமி. கல்லுல போனா போகுது. பூசையிலயாவது ஒண்ணா இருக்கட்டும்" என்றார். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எங்களுக்கு அவ்வளவு வலித்திருக்காது. மாதந்தோறும் வந்தார். இறக்கும் வரை வந்தார்.

சகோதர சகோதரிகளே, கேத்தாவின் வளைவு உரோமையில் மட்டும் இல்லை. நம் வீடுகளில் இருக்கிறது. திருமண அழைப்பிதழில் ஒரு தாய்மாமன் பெயரை விட்டுவிடுகிறோம். கல்லறைக் கல்லில் ஒரு மகளின் பெயரை எழுதாமல் விடுகிறோம், அவள் நம் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்தாள் என்று. நன்கொடையாளர் கல்வெட்டில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று கேட்டு, ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திக்கொள்கிறோம். வெட்டியவர்களுக்கும் துளை தெரியும். தாய்க்கும் தெரியும். பிள்ளைகளும் ஒரு நாள் அண்ணாந்து பார்த்து, இங்கே யார் பெயர் இருந்தது என்று கேட்பார்கள்.

நற்செய்தியாளர் லூக்கா தம் பத்தாம் அதிகாரத்தில் ஒரு காட்சியைச் சொல்கிறார். ஆண்டவர் அனுப்பிய எழுபத்திரண்டு பேரும் மகிழ்ச்சியோடு திரும்பி வருகிறார்கள். பேய்கள்கூட எங்களுக்கு அடிபணிகின்றன என்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு வெற்றி. ஒரு வளைவு கட்டலாம் என்றிருக்கும். ஆண்டவரோ, அதற்காக மகிழ வேண்டாம், உங்கள் பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காக மகிழுங்கள் என்கிறார். கவனியுங்கள். அந்த எழுபத்திரண்டு பேரில் ஒருவருடைய பெயரைக்கூட லூக்கா எழுதவில்லை. நற்செய்தி ஏட்டிலும் இல்லாத பெயர்களைத்தான் ஆண்டவர் விண்ணகத்தில் இருப்பதாகச் சொல்கிறார்.

திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்கள். ஞாயிறு வாசகத்தில் அது அதிகம் வராது. பெயர்ப் பட்டியல்தானே என்று கடந்துவிடுகிறோம். பிரிஸ்கா, அக்கிலா என்று தொடங்கி, பேரரசின் தலைநகரில் எந்த வளைவிலும் இடம்பெறாத எளிய மக்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். திருமுகத்தைக் கையால் எழுதிக்கொடுத்த தெர்த்தியுவும் தன் பெயரில் ஒரு வாழ்த்துச் சொல்கிறார். அந்தப் பட்டியலில் ரூபு என்பவரின் தாய் வருகிறார். தமக்கும் அவர் தாய் போன்றவர் என்கிறார் பவுல். அந்தத் தாயின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் செய்த அன்பு மட்டும் தெரிகிறது. அது போதும் என்று பவுலுக்குத் தோன்றியிருக்கிறது.

அந்தத் திருமுகத்தைக் கேட்ட மக்களில் சிலராவது, கி.பி. 64இல் உரோமை நகர் தீப்பற்றியபின் நீரோ மன்னன் நடத்திய கொலையில் இறந்திருப்பார்கள். தீ வைத்தவர்கள் கிறிஸ்தவர்கள் என்று பழி சுமத்தினான். சிலரை விலங்குத் தோலில் பொதிந்து நாய்களுக்கு விட்டார்கள். சிலரைச் சிலுவையில் அறைந்தார்கள். சிலரை இரவு விளக்காக எரித்தார்கள். இதை எழுதி வைத்தவர் தாசித்துஸ். கிறிஸ்தவர்களை அவருக்குப் பிடிக்காது. பெருங்கூட்டம் என்று எழுதினார். ஒரு பெயரைக்கூட எழுதவில்லை. ஜூன் 30இல் நாம் நினைவுகூர்வது அவர்களைத்தான். பெயர் தெரியாது என்பதற்காகத் திருச்சபை அவர்களை விட்டுவிடவில்லை. பெயரை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் ஆண்டுதோறும் பலிபீடத்தில் நினைக்கிறது.

நம் திருமுழுக்கு எதில் தொடங்குகிறது? ஆலய வாசலில் குருவானவர் முதலில் குழந்தையின் பெயரைக் கேட்கிறார். தாய் தகப்பன் சொல்கிறார்கள். பிறகுதான் தண்ணீர், எண்ணெய், வெள்ளாடை எல்லாம். அந்த நிமிடம் முதல் நம் பெயரைக் கடவுள் கையில் எடுத்துக்கொள்கிறார். தம் உள்ளங்கையில் நம்மைப் பொறித்திருப்பதாக எசாயா இறைவாக்கினர் வழியாக அவர் சொல்லவில்லையா? உயிர்த்த ஆண்டவரின் கைகளிலும் துளைகள் இருந்தன. தோமா அவற்றைப் பார்த்தார். வளைவில் இருக்கும் துளைகள் சகோதரனை வெட்டியதன் அடையாளம். ஆண்டவரின் கையில் இருக்கும் துளைகள் நம்மில் ஒருவரையும் வெட்ட மறுத்ததன் அடையாளம்.

அந்தத் தாயின் கதையை முடிக்க வேண்டும். அவர் இறந்தபோது அடக்கத் திருப்பலியில், அவர் கேட்டபடியே, இரண்டு மகன்களின் பெயரையும் சேர்த்து வாசித்தோம். இருவரும் ஆலயத்தின் இரு பக்கங்களில் நின்றார்கள். முப்பதாம் நாள் திருப்பலிக்குக் கருத்து எழுத அண்ணன் வந்தார். தாயின் பெயரைச் சொன்னார். தன் பெயரைச் சொன்னார். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு தம்பியின் பெயரையும் சொன்னார். நாங்கள் எழுதினோம். பேனா பிடித்த கை நடுங்கியது என்று சொன்னால் அது பொய்யில்லை. அன்றுதான் நாங்களும் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம், கல்லை மந்திரித்த நாளில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் போனதற்காக. கெபியில் இருக்கும் கல் மாறவில்லை. கருத்து நோட்டுப் புத்தகத்தில் மாறியது. தொடக்கம் எங்கேயாவது இருக்க வேண்டுமே.

ஆகவே இந்த வாரத்துக்கு நாம் ஒரு காரியம் செய்வோம். இரவு குடும்பச் செபத்தில் வழக்கமாகப் பெயர்களைச் சொல்லி வேண்டுவோம் அல்லவா? நம் வீட்டில் எந்தப் பெயரை யாரும் சொல்வதில்லையோ, அந்தப் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லட்டும். காரணம் சொல்ல வேண்டாம். நியாயம் பேச வேண்டாம். பெயரை மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகள் யார் அது என்று கேட்டால், உன் சித்தப்பா என்றோ, உன் அத்தை என்றோ உள்ளதைச் சொல்லுங்கள். குருக்களாகிய நாங்களும், எதை மந்திரிக்கக் கேட்டாலும் கண் திறந்து வாசித்துவிட்டுத் தீர்த்தம் தெளிப்போம்.

அன்று ஃபோரத்திலிருந்து வெளியே வந்தபோது, எங்கள் குழுவின் மூத்த அம்மா நடையில் பின்தங்கி, அந்த வளைவையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சின்னப் பையன் பேரு என்ன சாமி?" என்று கேட்டார். கேத்தா என்றோம். அன்று மாலைத் திருப்பலியில், விசுவாசிகளின் மன்றாட்டு நேரத்தில், அவர் எழுந்து அந்தப் பெயரைச் சொல்லி வேண்டினார். கிறிஸ்துவை அறியாத ஒரு பேரரசரின் மகனுக்காக வேண்டலாமா என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்காக அழத் தடைவிதிக்கப்பட்ட தாய்க்குப் பதிலாக ஒரு தாய் வேண்டினார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து, ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றோம்.

செபிப்போம். எங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் நல்ல ஆயனே, புனித பேதுருவையும் புனித பவுலையும், பெயர் தெரியாத அத்தனை மறைச்சாட்சியரையும் உம் இல்லத்தில் ஒன்றாகச் சேர்த்தீரே, எங்கள் கைகள் வெட்டிய பெயர்களை எங்கள் நாவில் திரும்பத் தாரும். உம் கைகளில் எழுதப்பட்டிருக்கிறோம் என்ற மகிழ்ச்சி எங்களுக்குப் போதுமானதாக இருப்பதாக. ஆமென்.